கன ஃபெர்மியான் படிகத்தின் மின்தடையைக் காந்தப்புலத்தில் அளப்பது எப்படி?

கன ஃபெர்மியான் பொருள்களில் எலெக்ட்ரான்கள், தனி எலெக்ட்ரானைவிடப் பல மடங்கு, சிலவற்றில் நூறு மடங்குக்கும் மேல், நிறை கூடியவைபோல நடந்துகொள்ளும். அந்த நிறை காந்தப்புலத்தில் எப்படி மாறுகிறது என்பதை மின்தடையை வைத்தே பார்த்துவிடலாம். பழகுவதற்கு நல்ல படிகம், 2001-இல் அறிவிக்கப்பட்ட சீரியம்-கோபால்ட்-இண்டியம் (1:1:5). 2.3 கெல்வினுக்குக் கீழே மீகடத்தி, அதாவது மின்தடையே இல்லாத பொருள்.

முதலில் படிகத்தைச் சுத்தம் செய்யுங்கள். உருகிய இண்டியத்தில் வளர்ப்பதால் மேற்பரப்பில் இண்டியம் ஒட்டியிருக்கும். மின்தடை-வெப்பநிலை வரைபடத்தில் 3.4 கெல்வினில் திடீர்ச் சரிவு தெரிந்தால் அது இந்த இண்டியம் மீகடத்தியாவதுதான். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவினால் போய்விடும்.

அடுத்து, மெல்லிய தங்கக் கம்பிகள் நான்கு. வெளி இரண்டில் மின்னோட்டம், உள் இரண்டில் மின்னழுத்தம். மின்தடை 2 மில்லிஓம் என்றால், 100 மைக்ரோஆம்பியருக்குக் கிடைப்பது வெறும் 200 நானோவோல்ட். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரே அதிர்வெண்ணின் சிறு சமிக்ஞையைப் பிரித்தெடுக்கும் லாக்-இன் ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் கஷ்டம்.

இனிதான் முக்கியமான கட்டம். கம்பி ஒட்டிய இடத்தில் 1 ஓம் தடை இருந்தாலே 10 நானோவாட் வெப்பம். மில்லிகெல்வின் வரை குளிர்விக்கும் கருவியான டைலூஷன் ஃப்ரிட்ஜுக்கு இது தூசு. ஆனால் சில பத்து மில்லிகெல்வினில் படிகத்திலிருந்து வெப்பம் வெளியேறும் வழி மிகக் குறுகல். தெர்மாமீட்டர் 30 காட்டும், படிகம் 80-இல் இருக்கும். வளைகோடு அடியில் தட்டையாகும்போது, மின்னோட்டத்தைப் பாதியாக்கி மறுபடி அளங்கள். எண் மாறினால் படிகம் சூடாகிறது, அந்தப் பகுதியை நம்ப வேண்டாம். எத்தனை அவசரமானாலும் இதைத் தவிர்க்காதீர்கள்.

சரி, இப்போது காந்தப்புலம். படிகத்தின் சி அச்சு (அணு அடுக்குகளுக்குச் செங்குத்தான திசை) வழியாகச் செலுத்தினால் சுமார் 5 டெஸ்லாவில் மீகடத்துதல் மறையும். அதற்கு மேலே 9, 8, 7, 6 டெஸ்லா என்று இறங்கி வாருங்கள். புலத்தை மாற்றும்போது சுழல் மின்னோட்டத்தால் செம்புத் தாங்கி சூடாகும்; ஆறும்வரை காத்திருங்கள். ஒவ்வொரு புலத்தையும் திசை திருப்பி அளந்து சராசரி எடுத்தால், ஹால் மின்னழுத்தம் (காந்தப்புலத்தால் மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழுவது) கலந்திருந்தாலும் நீங்கிவிடும்.

கடைசியாக, மின்தடைத்திறனை (மின்தடையிலிருந்து படிகத்தின் அளவைக் கழித்துப் பெறும் பொருளின் தன்மை) வெப்பநிலையின் வர்க்கத்துக்கு எதிராக வரையுங்கள். அடிப்பகுதி நேர்கோடாக வரும். அதன் சரிவின் வர்க்கமூலம் எலெக்ட்ரானின் நிறையோடு கூடிக் குறையும். புலம் 5 டெஸ்லாவை நெருங்க நெருங்கச் சரிவு செங்குத்தாகும், நேர்கோட்டுப் பகுதியோ சுருங்கிக்கொண்டே போகும். சுருங்கிய பகுதிக்கு வெளியே ஸ்கேலை நீட்டிச் சரிவு எடுக்காதீர்கள். இன்னும் குளிராக அளங்கள்.