சைக்கிள் ஃபிரேமுக்கு மறுபெயின்ட்: நிறத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

பழைய சைக்கிளுக்குப் புதுப் பெயின்ட் என்றதுமே வீட்டில் கறுப்பா, பச்சையா என்றுதான் பேச்சு தொடங்கும். முதலில் பார்க்க வேண்டியது ஃபிரேம் என்ன உலோகம் என்பதை. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு. ஒட்டாவிட்டால் பெரும்பாலும் அலுமினியம், விலை உயர்ந்த சைக்கிள் என்றால் கார்பனாகவும் இருக்கலாம். கார்பனைப் பவுடர் கோட்டிங்குக்கு (பெயின்ட் பொடியைத் தூவி ஓவனில் உருக்கிப் பிடிக்க வைக்கும் முறை) கொடுக்கவே கூடாது. பவுடர் உருகி இறுக ஓவனில் 180 முதல் 200 டிகிரி சூடு வேண்டும்; கார்பன் இழைகளைப் பிடித்திருக்கும் பிசின் அந்தச் சூட்டில் கெட்டுவிடும்.

இரும்பு ஃபிரேமுக்கு என் ஓட்டு பவுடர் கோட்டிங்குக்குத்தான். கீறல், அடி எல்லாம் நன்றாகத் தாங்கும். ஆனால் ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் போனாலும் சரி, காட்பாடியில் கொடுத்தாலும் சரி, பட்டறைக்காரருக்குப் பழக்கம் கிரில், கேட், மெஷின் பாகங்கள். சைக்கிளுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பெடல் அச்சு உட்காரும் குழாயின் மரை, ஹேண்டில் கப் இறங்கும் இடம், சீட் கம்பி நுழையும் வாய் எல்லாவற்றையும் அடைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மரைக்குள் பவுடர் இறுகி, பெடல் அச்சின் கப் ஏறாது. பழைய பெயின்டை எடுக்க மணல் அடிக்கும்போது ஒரே இடத்தில் பிடித்து அடித்தால் மெல்லிய குழாய் தேய்ந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுங்கள். பள்ளத்தை நிரப்ப டிங்கரிங் கடையில் போடும் சாதாரண பட்டி ஓவன் சூட்டைத் தாங்காது. பள்ளம் மறைய வேண்டுமென்றால் கம்ப்ரசர் ஸ்ப்ரேதான் வழி.

ஸ்ப்ரே அடிப்பதில் பெரிய தவறு பருவத்தைப் பார்க்காதது. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும்போது மதியம் அடித்தால், பெயின்ட் துளி ஃபிரேமைத் தொடும் முன்பே காய்ந்து சொரசொரவென்று ஒட்டும். ஐப்பசி அடைமழையில் அடித்தால் காற்றின் ஈரம் லாக்கரில் (தின்னர் ஆவியாகிச் சட்டென்று காயும் பெயின்ட்) வெள்ளைப் படலமாக நிற்கும். மழை விட்ட தை, மாசிக் காலை நேரம் நல்லது. பழைய எனாமல் மேல் லாக்கர் அடித்தால் அடிப்பூச்சு சுருங்கித் தூக்கும். அதனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையில் தின்னரைத் தொட்டு வைத்து, பழைய பெயின்ட் சுருங்குகிறதா என்று பாருங்கள். அலுமினியத்துக்கு எட்ச் பிரைமர் (உலோகத்தை லேசாக அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) அவசியம். சாதாரண பிரைமர் சீக்கிரம் செதில் செதிலாக உரியும். ஹார்டனர் கலந்த பெயின்ட் அடிக்க வெறும் கைக்குட்டை போதாது. கார் பெயின்டர்கள் போடும் ஃபில்டர் மாஸ்க் வேண்டும்.

கையில் அடிக்கும் ஸ்ப்ரே டப்பா சின்னப் பழுதுக்குப் போதும். முழு ஃபிரேமுக்கு அடித்தால் கல் பட்ட இடமெல்லாம் உதிரும். அதற்கு மேல் சாதாரண டப்பா கிளியர் கோட் (நிறமில்லாத மேற்பூச்சு) போட்டாலும் பெரிதாக மாறாது.

எமரி தேய்த்து வெறும் இரும்பு தெரிந்த அன்றே பிரைமர் அடியுங்கள். வைத்துவிட்டால் மறுபடி துரு பிடிக்கும். கையெண்ணெய் படாமல் துடைத்த பிறகே அடியுங்கள். அப்புறம், தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் எனாமலுக்கு ஒரு வாரமாவது விடுங்கள். அதற்குள் சீட் கிளாம்பை இறுக்கினால் பெயின்ட் அதோடு சேர்ந்து உரிந்து வரும்.