கடலடியில சென்சர் போட்டு வருசக்கணக்கா கவனிக்கிறது எப்பிடி

2004 மார்கழி 26 சுமாத்திராப் பக்கம் 9.1 அளவில நிலம் நடுங்கி, ரெண்டு மணித்தியாலம் மட்டில அலை எங்கட இலங்கைக் கிழக்குக் கரையில ஏறிட்டுது. இந்து சமுத்திரத்தில அப்ப சுனாமி எச்சரிக்கை ஏற்பாடே இல்லை. வடமராட்சி கிழக்கில எத்தினை சனத்தை இழந்தம். அதாலதான் கடலடிச் சென்சர் பற்றிப் படிக்கிற கம்பஸ் பிள்ளையளுக்கு இதை எழுதுறன். தண்ணியின்ர அழுத்தத்தை அளக்கிற சென்சரைத்தான் முக்கியமாச் சொல்லுறன்.

முதல்ல வைக்கிற இடம். பருத்தித்துறைக்கு மேற்கால பாக்குநீரிணை ஆழம் குறைவு, அங்க வைச்சால் காத்து எழுப்புற அலையெல்லாம் அழுத்தக் கணக்கில விழுந்து உண்மையான சிக்னலை மறைச்சுப்போடும். ஆழ்கடலில அந்தச் சின்ன அலை அடிவரைக்கும் இறங்காது, சுனாமியெண்டால் மேலயிருந்து கீழ்வரைக்கும் முழுத் தண்ணியையும் அசைக்கும். டார்ட் எண்ட, ஆழ்கடலடியில இருந்து சுனாமியைக் கண்டுபிடிக்கிற கருவி 15 செக்கனுக்கு ஒருக்கா அழுத்தம் எடுத்து, எதிர்பார்த்ததில இருந்து 30 மில்லிமீற்றர் விலகினால் தானா உசார் நிலைக்கு மாறும். அப்ப வங்காள விரிகுடாப் பக்கம் போங்கோ, ஒண்டோட நிக்காமல் கனக்க வையுங்கோ. ஜப்பான்காரர் எஸ்-நெற் எண்ட கடலடிக் கவனிப்பு வலையமைப்பில 150 இடத்தில வைச்சு கேபிளால இணைச்சிருக்கினம்.

கேபிளுக்குக் காசில்லையெண்டால் ஒலியால டேற்றா அனுப்புற ஒலி மோடம்தான், தண்ணிக்குள்ள றேடியோ போகாது. ஒலி செக்கனுக்கு 1500 மீற்றர் மட்டில போகும், ஆனால் டேற்றா கொஞ்சம்தான் அனுப்பேலும், அதால முழுசையும் மெமரியில சேமிச்சு, முக்கியமானதை மட்டும் மேல மிதவைக்கு அனுப்பி அங்கயிருந்து சற்றலைற்றுக்கு விடுங்கோ.

கனபேர் கோட்டைவிடுறது கருவியின்ர மணிக்கூட்டிலயும் சென்சர் காட்டுற அளவு மெல்ல விலகுறதிலயும்தான். இறக்க முதல் ஜிபிஎஸ்ஸோட நேரத்தைச் சரிபாருங்கோ, எடுத்த உடன திரும்பப் பாருங்கோ, வந்த வித்தியாசத்தை இடைப்பட்ட நாளுக்குப் பிரிச்சுக் கழியுங்கோ. ஒலியால தூரம் அளக்கேக்க ஒரு மில்லிசெக்கன் பிழைச்சாலே ஒண்டரை மீற்றர் பிழை. அழுத்த சென்சரும் வருசத்துக்குச் சென்ரிமீற்றர் கணக்கில தானா விலகும், நிலம் மெதுவா எழும்புறதையும் இதையும் பிரிச்சறிய ஏலாது. அதுக்கு வால்வு வைச்ச வகையை எடுங்கோ, இடைக்கிடை கடலை மூடி பெட்டிக்குள்ள இருக்கிற காத்தழுத்தத்தைப் பாத்துத் தன்னைச் சரிபண்ணும், விலை கூடத்தான் ஆனால் குடுக்கலாம்.

கரைக்குக் கிட்ட வைக்கிறதுகளில கொட்டலசும் பாசியும் ஏறும், இழுவை மடியும் இழுக்கும். பக்கம் சரிஞ்ச இரும்புச் சட்டத்துக்குள்ள வையுங்கோ. வாடைக்காத்து ஓய்ஞ்சு கடல் அமைதியா இருக்கிற பங்குனி சித்திரையில இறக்குங்கோ. அதுக்கு முதல் கடற்றொழிலாளர் சங்கத்தில போய்க் கதைச்சு ஜிபிஎஸ் புள்ளியைக் குடுங்கோ, பெட்டியில ஃபோன் நம்பரையும் பெரிசா எழுதிவிடுங்கோ, வலையில சிக்கினாலும் கொண்டுவந்து தருவினம்.