கொட்டைக்கரந்தையை அடையாளம் காண: பூவுக்கு முன் தண்டைப் பாருங்கள்

சம்பா அறுத்த வயலிலும் நீர் வற்றும் ஏரி ஓரத்திலும் தரையை ஒட்டிக் கிளைபரப்பி, ஊதா உருண்டைகளோடு நிற்பது கொட்டைக்கரந்தை. சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருபருவச் செடி. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் இட்ட அறிவியல் பெயர் ஸ்பேராந்தஸ் இண்டிகஸ். தை, மாசியில் தேடினால் பூவோடு கிடைக்கும்.

பூவின் உருண்டையை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். வாடாமல்லியும் தொட்டாற்சிணுங்கியும் உருண்டையாகத்தான் பூக்கின்றன. தண்டில் தொடங்குங்கள். இலைக்குக் காம்பு கிடையாது. இலையின் அடிப்பகுதி தண்டோடு ஒட்டிக் கீழே இறங்கி, பச்சை நாடா தைத்ததுபோல் நெடுக ஓடும். இதைச் சிறகு என்பார்கள். அதன் விளிம்பை விரல்நுனியால் வருடினால் சிறு பற்கள் தட்டுப்படும். பூக்காம்பிலும் இந்தச் சிறகு உண்டு. பல் இல்லாமல் விளிம்பு நேராக ஓடினால், கையில் இருப்பது பெரும்பாலும் இதன் உறவான ஸ்பேராந்தஸ் ஆப்பிரிக்கானஸ்.

அடுத்து இலை. மாற்றடுக்கில், அதாவது கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி இருக்கும், விளிம்பில் பல் இருக்கும். வாடாமல்லிக்கு இலைகள் எதிரெதிர். அங்கேயே அது விலகிவிடும். ஒரு இலையைக் கசக்குங்கள்: விரலில் லேசாகப் பிசுபிசுக்கும், வாசனை தூக்கலாக வரும். ஆனால் வாசனையை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம். காட்டுமுள்ளங்கி என்னும் களைச்செடியும் (ப்ளூமியா) மணக்கும், அதே வயலில்தான் முளைக்கும். பூக்காத இளஞ்செடியில் இந்தக் குழப்பம் அதிகம். சிறகு தெளிவாகத் தெரியும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

இனி உருண்டை. கிளை நுனியில் ஒன்றொன்றாக, 1 முதல் 1.5 செ.மீ. குறுக்களவில் இருக்கும். பிளேடால் நடுவே பிளந்து 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். ஒரே பூவாகத் தெரிந்தது, நடுத்தண்டைச் சுற்றி நெருக்கியடித்த பல சிறு பூத்தலைகள்; ஒவ்வொரு தலைக்குள்ளும் நுண்ணிய குழல்பூக்கள். சூரியகாந்தியில் சுற்றிலும் நிற்கும் மஞ்சள் இதழ்ப்பூக்கள் இதில் இல்லாததால்தான் பலர் குடும்பத்தையே தவறவிடுகிறார்கள். விதையில் பஞ்சும் கிடையாது. முற்றிய தலையை ஊதும்போது வெண்பஞ்சு பறந்தால் அது காட்டுமுள்ளங்கி போன்ற வேறு செடி.

வெயில் ஏறியதும் ஊதா வெளுத்துப் பழுப்பாகும். அப்போதும் காய்ந்த தண்டில் பற்சிறகு நிற்கும். படம் எடுத்து யாரிடமாவது கேட்பதானால் பூவை மட்டும் அனுப்பாதீர்கள். தண்டின் நடுப்பகுதியை அருகில் எடுத்த ஒரு படம், பூக்காம்பு தெரியும் ஒரு படம், இரண்டும் வேண்டும்.