வசூலை விடுங்கள், டிக்கெட்டை எண்ணுங்கள்: பிரான்ஸ், தென்கொரியா சினிமா ஒப்பீடு

ஒரு படம் ஓடியதா என்று கேட்டால் நம் ஊரில் வசூலைத்தான் சொல்வார்கள். இரண்டு நாடுகளை ஒப்பிட அது உதவாது. நாணயம் வேறு, டிக்கெட் விலை வேறு. கொரோனா காலத்தில் தென்கொரியாவில் வார இறுதி டிக்கெட் 15,000 வோன் வரை ஏறியது, கூட்டமோ குறைந்தது. அதனால் விற்ற டிக்கெட்டுகளையே எண்ணுவோம்.

படி 1: தரவு எடுப்பது

பிரான்சில் சிஎன்சி என்ற அரசுத் திரைப்பட அமைப்பு 1946 முதல் இருக்கிறது. ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72% வரி பிடித்து, அதைச் சினிமாவுக்கே திருப்பித் தருகிறார்கள். வரிக்கணக்கு என்பதால் டிக்கெட் கணக்கும் நம்பகமானது. கொரியாவுக்கு, அந்நாட்டு அரசின் திரைப்பட அமைப்பான கோஃபிக் நடத்தும் கோபிஸ் என்ற டிக்கெட் கணக்குத் தளம், ஆங்கிலத்திலும் பார்க்கலாம்.

படி 2: அட்டவணை

எக்செல் போதும். ஆண்டு, மொத்த டிக்கெட், அதில் உள்நாட்டுப் படங்களின் பங்கு என்று மூன்று நெடுவரிசைகள். 2019இல் கொரியாவில் 22.7 கோடி டிக்கெட், பிரான்சில் 21.3 கோடி. 2024இல் கொரியா 12.3 கோடி, பிரான்ஸ் 18.1 கோடி. கொரியாவின் மக்கள்தொகை சுமார் 5.2 கோடிதான், வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு படத்துக்கு மேல் பார்த்தவர்கள், இரண்டரைக்கும் கீழே வந்துவிட்டார்கள்.

படி 3: பங்கைப் பெருக்குவது

புதிதாகச் செய்பவர்கள் வழுக்கி விழும் இடம் இது. 2019க்கும் 2024க்கும் இடையே உள்நாட்டுப் படங்களின் பங்கு கொரியாவில் 51 சதவீதத்திலிருந்து 58 ஆனது; பிரான்சில் 35லிருந்து ஏறத்தாழ 44. இரண்டு இடத்திலும் சொந்தப் படங்களுக்கு நல்ல காலம் என்று எழுதத் தோன்றும். அவசரப்படாதீர்கள். நான்காவதாக ஒரு நெடுவரிசை போட்டு, மொத்தத்தைப் பங்கால் பெருக்குங்கள்.

பிரெஞ்சுப் படங்களுக்கு விற்ற டிக்கெட் சுமார் 7.5 கோடியிலிருந்து 8 கோடியானது. கொரியப் படங்களுக்கோ சுமார் 11.6 கோடியிலிருந்து 7.1 கோடிக்கு இறங்கிவிட்டது! பங்கு கூடியும் கொரியச் சினிமா நாலரைக் கோடி டிக்கெட்டை இழந்திருக்கிறது. பெருக்காமல் விட்டால் இந்த இழப்பு கண்ணிலேயே படாது.

படி 4: எது ‘உள்நாட்டுப் படம்’?

மொழியை வைத்துப் பிரிக்காதீர்கள். 2014இல் வந்த ‘லூசி’ ஆங்கிலம் பேசும் படம். தயாரிப்பு பிரான்சுடையது என்பதால் பிரெஞ்சுக் கணக்கில் சேர்ந்தது. அந்தந்த நாட்டு அமைப்பின் வரையறையை அட்டவணைக்குக் கீழே குறித்து வையுங்கள்.

படி 5: இடைப்பட்ட ஆண்டுகள்

2020இல் ஹாலிவுட் படங்கள் தள்ளிப்போக, கொரியப் படங்களின் பங்கு 68 சதவீதமானது. மறு ஆண்டு கொரியாவின் பெரிய படங்களே வெளியீட்டை ஒத்திவைத்தன. பங்கு 30க்கு விழுந்தது. இந்த இரண்டில் ஒன்றைத் தொடக்க ஆண்டாக எடுத்தால் முடிவே தலைகீழாகும். 2019 முதல் 2024 வரை ஆறு வரிசைகளையும் நிரப்பிவிட்டு, பிறகு கோட்டு வரைபடம் போடுங்கள்.