படகுக்கு என்ன கலர் அடிக்கலாம், எவ்வளவு டீசல் குடிக்கும்?

முதல் மோட்டார் க்ரூஸர் (கேபின் உள்ள எஞ்சின் படகு) வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாகத்தான் கேட்பார்கள். கலர் வீட்டில் உள்ளவர்கள் பார்த்துக்கொள்கிற விஷயம், டீசல் பணம் கட்டுகிறவர் கவலைப்படுகிற விஷயம் என்பதுபோல. ஆனால் படகைக் கரையேற்றி, கட்டைகள் மேல் நிறுத்தி, கையில் பிரஷ்ஷோடு அடியில் குனிந்து நின்றால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பது தெரியும். பணம் போகிற வழி பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில் இருக்கிறது, நாமோ தண்ணீருக்கு மேலே தெரிகிற கலரைப் பற்றியே மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருப்போம்.

நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அதனால் நான் தடுமாறிய வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: நீர்க்கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்

டேங்க் முழுக்க டீசல், தண்ணீர்த் தொட்டி முழுக்கத் தண்ணீர், வழக்கமாக வருகிற ஆட்கள், சாமான்கள் எல்லாம் ஏற்றிய பிறகு தண்ணீர் எந்த இடத்தைத் தொடுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான நீர்க்கோடு. படகைக் காலியாக வைத்துக் குறித்தால் கோடு தாழ்ந்துவிடும். பிறகு சாமான் ஏற்றியதும் மேல்பக்கத்துச் சாதாரணப் பெயின்ட் ஒரு விரற்கடை தண்ணீருக்குள் நிற்கும். அந்த விரற்கடையில்தான் பாசி முதலில் பிடிக்கும். குறித்த கோட்டுக்கு மேலே இன்னும் 5 சென்டிமீட்டர் வரை அடிப்பக்கத்துப் பெயின்ட் ஏறட்டும்.

கோட்டுக்கு மேலே இருப்பது ஒரு வேலை, கீழே இருப்பது முற்றிலும் வேறு வேலை. ஒரே டப்பாவில் இரண்டையும் முடிக்க முடியாது.

படி 2: மேல்பக்கத்துக் கலர்

இங்கே எந்தக் கலர் அடித்தாலும் படகு தண்ணீரைக் கிழித்துப் போகும் விதம் மாறாது. கலர் மாற்றுவது வெப்பத்தை.

எனக்குக் கருநீலம் பிடிக்கும். பளபளவென்று கண்ணாடிபோல அடித்து, பக்கத்துப் படகின் கயிறுகூட அதில் தெரிகிறது என்று பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஃபைபர் படகு. முந்தைய சொந்தக்காரர் பழுதுபார்த்த இடங்களில் எபாக்ஸி என்ற இறுகும் பிசினால் ஆன பட்டி வைத்துத் தேய்த்திருந்தார். வெள்ளையாக இருந்தவரை அது யார் கண்ணிலும் படவில்லை. கருநீலம் அடித்து ஒரு கோடை போனதும், சாய்வெயிலில் பார்த்தால் பட்டி வைத்த ஒவ்வொரு வட்டமும் தேமல்போல எழும்பி நின்றது.

காரணம் எளிது. கடும் வெயிலில் கறுப்பு, கருநீலப் பரப்புகள் 70 டிகிரி செல்சியஸைக்கூடத் தொடும், பக்கத்திலேயே நிற்கும் வெள்ளைப் பரப்பைக் கையால் தொட்டுக்கொண்டிருக்கலாம். சாதாரண அறை வெப்பத்தில் இறுகும் எபாக்ஸி 50, 60 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும். இளகி, குளிர்ந்து, மறுபடி இளகும்போது அடியில் இருக்கிற பட்டியும், சில படகுகளில் ஃபைபர் துணியின் நெசவும்கூட மேலே தெரியத் தொடங்கும். மேடு பள்ளத்தை அடர்நிறப் பளபளப்பு ஒளிக்காது, காட்டிக்கொடுக்கும்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஒரு பலகையைப் பாதியாகப் பிரித்து ஒரு பக்கம் நீங்கள் ஆசைப்படும் கலர், மறுபக்கம் வெள்ளை அடியுங்கள். மதிய வெயிலில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு உள்ளங்கையை இரண்டிலும் மாற்றி மாற்றி வையுங்கள். கலர் அட்டையில் விரல் நக அளவு சதுரத்தைப் பார்த்து முடிவெடுப்பதைவிட இது நூறு மடங்கு மேல். கலர் அட்டைக்கு இன்னொரு குணமும் உண்டு: சின்னதாகப் பார்க்கும்போது மென்மையாகத் தெரிகிற நிறம் பத்து மீட்டர் நீளத்தில் கத்தும்.

சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். அடர்நிறம் எதுவானாலும் உப்புத் திட்டும், மிதவையில் உரசிய கீறலும் பளிச்சென்று தெரியும். வெள்ளையில் அணியத்தின் (படகின் முன்முனை) அருகே மஞ்சள் கறை மீசைபோலப் படியும், ஆனால் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த க்ளீனர் போட்டால் போய்விடும். வெள்ளை, சாம்பல், வெளிர்நீலம் மூன்றும் அலை நுரைக்குள் கலந்துவிடுவதால் தூரத்தில் வருகிற கப்பலுக்கு உங்கள் படகு தெரியாமல் போகலாம். வெள்ளைதான் என்று முடிவானால் கேபின் கூரையிலாவது ஒரு பட்டை ஆரஞ்சோ மஞ்சளோ அடியுங்கள்.

அப்புறம், டீசலுக்கு வரலாம். மேல்பக்கமும் தளமும் அடர்நிறமாக இருந்தால் கேபின் அடுப்பாகும், ஏசி ஓடும், ஏசிக்காக ஜெனரேட்டர் ஓடும். சின்ன ஜெனரேட்டர்கூட மணிக்கு ஓரிரு லிட்டர் குடிக்கும். நங்கூரம் போட்டு ஆறு மணி நேரம் நின்றால் பத்து லிட்டர் போய்விடும். மெதுவாக ஓட்டினால் அதே பத்து லிட்டரில் என் படகு பத்து கடல் மைல் போயிருக்கும். மேல்பக்கத்துக் கலர் டீசலைத் தொடுகிற ஒரே வழி இதுதான்.

படி 3: அடிப்பக்கத்துப் பெயின்ட்

இங்கே கலருக்கு இரண்டாம் இடம். பாசியும், ஓட்டோடு இறுக ஒட்டிக்கொள்ளும் கொட்டலசு என்ற சிற்றுயிரும் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டிஃபவுலிங் பெயின்ட்தான் முதல் இடம். பாசி என்றால் வழவழப்புதானே, அது என்ன இழுக்கும் என்று நினைப்போம். இழுக்கும். 1870-களில் வில்லியம் ஃப்ரூட் என்ற பொறியாளர் இங்கிலாந்தில் நீளமான தொட்டி கட்டி, வார்னிஷ் பூசியது, துணி ஒட்டியது, மணல் ஒட்டியது என்று விதவிதமான பலகைகளைத் தண்ணீரில் இழுத்து அளந்து காட்டினார். பரப்பு சொரசொரப்பாக ஆக ஆக இழுவை ஏறியது. உங்கள் படகின் அடியில் ஒட்டுகிற ஒவ்வொரு கொட்டலசும் அந்த மணல்தான், என்ன, இன்னும் பெரிய மணல்.

பெரும்பாலான ஆன்டிஃபவுலிங்கில் வேலை செய்வது செம்பு. அதில் இரண்டு வகை. ஒன்று கெட்டியாக நிற்கும், தேய்த்து வழவழப்பாக்கலாம், வேகமாக ஓடும் படகுக்கும் அடிக்கடி தேய்த்துக் கழுவுகிறவர்களுக்கும் ஏற்றது. இன்னொன்று ஓட ஓடத் தானாகக் கரைந்து புதுப் பரப்பைக் காட்டும், வருடக் கணக்கில் பெயின்ட் மேல் பெயின்ட் ஏறித் தடிக்காது. நிதானமாக ஓட்டுகிறவராக இருந்தால் கரைகிற வகையை எடுங்கள். வெகுநாள் அசையாமல் கட்டிக்கிடக்கும் படகுக்கு இரண்டுமே முழுப் பலன் தராது, அதற்கு அவ்வப்போது கையால் துடைப்பதுதான் வழி.

கலர் இங்கே எப்படி வருகிறது என்றால், செம்பு ஆக்ஸைடே செந்நிறமானது. அது கலந்த பெயின்டில் பளிச்சென்ற வெள்ளை வராது. மங்கிய சிவப்பு, கறுப்பு, மங்கிய நீலம் இவ்வளவுதான். வெள்ளையோ பளிச்சென்ற நிறமோ வேண்டுமென்றால் காப்பர் தயோசயனேட் என்ற வேறொரு செம்புச் சேர்மம் கலந்த வகையைக் கேளுங்கள். டப்பாவில் பார்த்த நிறம் தண்ணீருக்குள் அப்படியே இருக்காது. நீர்க்கோட்டை ஒட்டி, காற்றும் தண்ணீரும் மாறி மாறிப் படும் இடத்தில் செம்பு பச்சை பாரிக்கும். அதனால் கீழ்ப்பக்கத்துக்கு அட்டை பார்த்துக் கலர் தேர்ந்தெடுப்பது வீண் வேலை என்பது என் கருத்து.

ஆனால் கலரை உருப்படியாகப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. கரைகிற வகை வாங்கினால் ஒரே பெயின்டில் இரண்டு நிறம் வாங்குங்கள். முதல் பூச்சு சிவப்பு, அதற்கு மேலே வருவதெல்லாம் கறுப்பு. கறுப்புக்கு நடுவில் சிவப்பு எட்டிப்பார்க்கும் இடத்தில் மேல்பூச்சு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். முகமூடி போட்டு அடியில் முங்கிப் பார்த்தாலே புரியும், அளக்கக் கருவி வேண்டாம்.

அலுமினியப் படகுக்காரர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். செம்பு ஆக்ஸைடு பெயின்ட் அலுமினியத்தில் படவே கூடாது, உலோகம் அரித்துப்போகும். இது பழைய பாடம். 1761-ல் பிரிட்டிஷ் கடற்படை ‘அலாரம்’ என்ற மரப் போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அடித்து அனுப்பியது. திரும்பி வந்தபோது புழு அரிக்கவில்லை, பாசியும் குறைவு, ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப்போயிருந்தன. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகங்கள் சேர்ந்தால் மின்கலம்போல ஆகிவிடும், ஒன்று மற்றொன்றைத் தின்னும். அலுமினியத்துக்கு ஏற்றது என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். வெள்ளீயம் (டின்) சேர்ந்த பழைய வகைப் பெயின்ட் எங்காவது கிடைத்தால் தொடாதீர்கள். கடல் உயிர்களை அது சிதைத்ததால் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் அதற்குத் தடை போட்டது.

படி 4: எத்தனை லிட்டர், எப்படி அடிப்பது

நீர்க்கோட்டின் நீளத்தை, அகலமும், தண்ணீருக்குள் மூழ்கும் ஆழமும் கூட்டிய தொகையால் பெருக்குங்கள், எல்லாம் மீட்டரில். 9 மீட்டர் நீளம், 3.3 அகலம், 0.9 ஆழம் என்றால் 9 × 4.2, கிட்டத்தட்ட 38 சதுர மீட்டர். ஒரு லிட்டர் சுமார் 9 சதுர மீட்டருக்கு வரும் என்று வைத்தால் ஒரு பூச்சுக்கு நாலேகால் லிட்டர், இரண்டு பூச்சுக்கு எட்டரை. உங்கள் டப்பாவில் வேறு கணக்கு போட்டிருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதை நீர்க்கோட்டை ஒட்டியும், அணியத்தின் கூரிலும், சுக்கானின் முன்விளிம்பிலும் மூன்றாவது பூச்சாக அடியுங்கள். தேய்மானம் அங்கேதான் அதிகம்.

பழைய ஆன்டிஃபவுலிங்கை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அது விஷத்தூசு. தண்ணீர் விட்டு, ஈரத்தாளால், முகக்கவசம் கையுறையோடு தேய்க்க வேண்டும். வழிகிற கழிவைக் கடலில் விடாமல் பிடித்து வையுங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு, நேர் வெயில் படாத பக்கமாகப் பார்த்து அடியுங்கள். மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தாமே அரிபட அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டிகள் மேல் ஒரு துளிகூடப் படக்கூடாது, பெயின்ட் மூடிய கட்டி வேலை செய்யாது. மாஸ்கிங் டேப்பைப் பெயின்ட் முழுதும் காய்வதற்கு முன்பே உரித்துவிடுங்கள், காய்ந்தபின் உரித்தால் கோடு பிசிறும்.

ப்ரொப்பெல்லரை மறக்காதீர்கள். அதற்குச் செம்புப் பெயின்ட் வேண்டாம், சுரண்டி மின்ன வைத்தாலே போதும். உடல் முழுக்கச் சுத்தமாக இருந்து ப்ரொப்பெல்லரில் மட்டும் கொட்டலசு ஒட்டியிருந்தாலும் வேகம் கண்கூடாகக் குறையும்.

படி 5: டீசல் கணக்கு

விற்பவர் மணிக்கு எத்தனை லிட்டர் என்றுதான் சொல்வார். நீங்கள் கடல் மைலுக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். ஒரு கடல் மைல் 1,852 மீட்டர், மணிக்கு ஒரு கடல் மைல் போனால் ஒரு நாட்.

முதலில் உங்கள் படகின் இயல்பு வேகத்தைக் கண்டுபிடியுங்கள். நீர்க்கோட்டு நீளத்தின் வர்க்கமூலத்தை 2.43-ஆல் பெருக்கினால் நாட் கணக்கில் வரும். 9 மீட்டருக்கு 3 × 2.43, அதாவது சுமார் 7.3 நாட். இதற்குக் கீழே படகு தண்ணீருக்குள் அமைதியாக நழுவும். இதை நெருங்கும்போது படகு தானே எழுப்பிய அலையின் சரிவில் ஏறத் தொடங்கும், அணியம் வானத்தைப் பார்க்கும், பின்பக்கம் புதையும், த்ராட்டிலை எவ்வளவு தள்ளினாலும் வேகம் ஏறாமல் எஞ்சின் மட்டும் உறுமும். மிதந்தெழும் வகைப் படகாக இருந்தால் அந்த மேட்டைத் தாண்டியதும் தண்ணீரின் மேல் ஏறிக்கொள்ளும், மூச்சு விட்டதுபோல இருக்கும்.

இதை எண்ணில் பார்க்கலாம். இது விளக்கத்துக்காகப் போட்ட உதாரணக் கணக்கு, உங்கள் படகுக்கு எண்கள் மாறும், வடிவம் இப்படித்தான் இருக்கும்:

6 நாட், மணிக்கு 6 லிட்டர்: மைலுக்கு 1 லிட்டர்
7.3 நாட், 12 லிட்டர்: மைலுக்கு 1.6
11 நாட், 44 லிட்டர்: மைலுக்கு 4
18 நாட், 54 லிட்டர்: மைலுக்கு 3
24 நாட், 84 லிட்டர்: மைலுக்கு 3.5

11 நாட்டைக் கவனியுங்கள். 24 நாட்டில் பறப்பதைவிட அதில் செலவு அதிகம். கொஞ்சம் மெதுவாகப் போனால் மிச்சமாகும் என்று நினைத்து இந்த நடுவாந்திர வேகத்தில் நாள் முழுக்க ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், நானும் ஓட்டியிருக்கிறேன். மிச்சம் பிடிக்க வேண்டுமா, 6 நாட்டுக்கு இறங்குங்கள். போய்ச் சேர வேண்டுமா, 18-க்கு ஏறுங்கள். நடுவில் நிற்காதீர்கள்.

உங்கள் படகுக்கான பட்டியலை நீங்களே போடலாம். எஞ்சினுக்குப் போகும் டீசலை அளக்கும் ஃப்ளோ மீட்டர் இருந்தால் எளிது. இல்லையென்றால் டேங்கை விளிம்புவரை நிரப்பி, ஒரே ஆர்பிஎம்மில் ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி விளிம்புவரை நிரப்பி எவ்வளவு பிடித்தது என்று பாருங்கள். வேகத்தை ஜிபிஎஸ்ஸில் பாருங்கள், நீரோட்டம் ஏமாற்றாமல் இருக்கப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று எடுத்துச் சராசரி போடுங்கள். டேங்கில் மூன்றில் ஒரு பங்கு போக, ஒரு பங்கு திரும்ப, ஒரு பங்கு கையிருப்பு என்று பிரித்த பிறகுதான் எவ்வளவு தூரம் போகலாம் என்ற கேள்வியே.

படி 6: மறுபடி அளங்கள்

பெயின்ட் அடித்து இறக்கிய முதல் வாரத்திலேயே, அடி சுத்தமாக இருக்கும்போது, இந்தப் பட்டியலைப் போட்டு ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே ஆர்பிஎம், அதே சுமை. உதாரணப் படகில் 24 நாட் வந்த இடத்தில் 21 வந்தால், அதே 84 லிட்டரில் மைலுக்கு 4 லிட்டர் ஆகிவிட்டது. 40 மைல் பயணத்தில் 20 லிட்டர் கூடுதல். முழு த்ராட்டிலிலும் எஞ்சின் வழக்கமான ஆர்பிஎம்மைத் தொடவில்லை, கரும்புகை வருகிறது, வெப்பமானி ஏறுகிறது என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் முகமூடியை மாட்டிக்கொண்டு முங்குங்கள். எஞ்சினை அணைத்து, சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு. முதலில் ப்ரொப்பெல்லர், அடுத்து சுக்கான், அப்புறம் கறுப்புக்கு நடுவில் சிவப்பு எங்கே தெரிகிறது என்று.