ஐரிஸ் இல்லாவிட்டால் நிலசம்பங்கி: பக்கத்தில் என்ன நடலாம்?

லண்டனில் இருக்கும் சொந்தங்களின் வளவில் பார்த்த தாடி ஐரிஸ் பூச்செடியை மட்டக்களப்பில் நட ஆசைப்படாதீர்கள். குளிர்காலம் இல்லாமல் அது பூக்காது. அங்கே அதன் கிழங்கு முதுகில் வெயில் பட வேண்டும் என்பதால், நிழல் விழுத்தாத செடிகளையே பக்கத்தில் வைப்பார்கள்.

நம் கல்லடி மணலில் நிலசம்பங்கிக்கும் அதே கணக்குதான், நிழல் விழக் கூடாது. துணைக்கு நான் வைப்பது குட்டைச் செண்டுமல்லி. நிலசம்பங்கியின் வேரை நூற்புழு, அதாவது மண்ணில் வாழும் மிக நுண்ணிய புழு, சுலபமாகப் பிடிக்கும். செண்டுமல்லி வேர் அந்தப் புழு பெருகுவதைக் குறைக்கும். ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஓரத்துக்குப் பத்துமணிப் பூ, அதன் வேர் கிழங்கை நெருக்காது. செவ்வரத்தை மட்டும் கிட்ட வேண்டாம், நிழல் கட்டிவிடும். அப்புறம், ஐப்பசி மழைக்கு முன் பாத்தியை உயர்த்திவிடுங்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும்.