பூச்சி உடலியங்கியல் ஆய்வில் முனைவர் பட்ட மேலாய்வுப் பணிக்கு விண்ணப்பிப்பது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் விலங்கியலோ வேளாண் பூச்சியியலோ படித்து முனைவர் பட்டத்தை நெருங்கியவர்களிடம், உதவிப் பேராசிரியர் பணிக்கான அறிவிப்பு வரும்வரை ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்துவதுதான் அடுத்த கட்டம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. இரண்டு மூன்று ஆண்டுகள் முழுநேரமும் ஆய்வுக்கென்றே கிடைக்கும் மேலாய்வுப் பணி, அதாவது போஸ்ட்டாக், இவர்களுக்கும் எட்டக்கூடியதே. பூச்சிகளின் உடலியக்கத்தையும் நடத்தையையும் இணைத்து ஆராயும் ஆய்வகங்களுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. அத்தகைய விண்ணப்பத்தின் வலிமை, ஒரு பூச்சியைப் பற்றிய ஒரு தெளிவான கேள்வியிலிருந்தே பெரும்பாலும் பிறக்கிறது.

அறிவிப்பைப் படிக்கும் முறை

மேலாய்வுப் பணிகள் இரு வழிகளில் கிடைக்கின்றன. ஆய்வகத் தலைவர் ஏற்கெனவே பெற்றுள்ள திட்ட நிதியிலிருந்து ஊதியம் வழங்கப்படும் பணியில், பூச்சியும் கேள்வியும் பெரும்பாலும் முன்பே முடிவாகியிருக்கும்; அந்தத் திட்டத்தின் எந்தப் பகுதியை உங்களால் ஏற்று நடத்த முடியும் என்று காட்டுவதே உங்கள் வேலை. நீங்களே முன்மொழிவு எழுதிப் பெறும் நல்கையில் கேள்வி உங்களுடையதாக இருக்கும். ஆய்வகம் இடமும் கருவியும் தரும். முதல் வகைக்கு விளம்பரம் வரும். இரண்டாம் வகைக்கு நீங்கள்தான் கதவைத் தட்ட வேண்டும்.

விளம்பரத்தில் "கட்டாயம்" என்று குறிப்பிடப்படும் தகுதிகளையும் "விரும்பத்தக்கவை" என்று குறிப்பிடப்படுபவற்றையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். மின் உடலியங்கியல் (நரம்புகளின் மின் சைகைகளை அளவிடுதல்), மரபணுத் திருத்தம், காணொளியிலிருந்து அசைவைத் தொடரும் மென்பொருள், புள்ளியியல் நிரலாக்கம் என்று நீளும் பட்டியலைக் கண்டதும் நம் மாணவர்கள் பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அந்தப் பட்டியல் முழுவதும் ஒரே ஆளிடம் இருக்கும் என்று அதை எழுதியவரே எதிர்பார்ப்பதில்லை என்பது என் கருத்து. கட்டாயத் தகுதிகளில் பெரும்பகுதி இருந்தாலே விண்ணப்பிக்கலாம். இல்லாத ஒன்றை எவ்வளவு காலத்தில், எங்கே கற்றுக்கொள்வீர்கள் என்று ஒரு வரியில் எழுதிவிட்டால் போதும்.

கேள்வியை எங்கிருந்து எடுப்பது

நடத்தை ஆய்வாளர் பூச்சி என்ன செய்கிறது என்று பார்க்கிறார்; உடலியங்கியல் ஆய்வாளர் அதைச் செய்ய வைக்கும் நரம்பு, ஹார்மோன், வளர்சிதை மாற்றம் ஆகியவற்றைப் பார்க்கிறார். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு கேள்வியை நிறுத்துவதுதான் கடினமான பகுதி. அதற்கான பொருள் கிருஷ்ணகிரியின் மாந்தோப்பிலேயே இருக்கிறது.

கூழ் ஆலைகளுக்குச் செல்லும் பெங்களூரா மாங்காய் முற்றும் பருவத்தில், தோப்புகளில் பழ ஈக்களுக்கான பொறிகள் தொங்குகின்றன. எத்தில் ஆல்கஹால், ஈக்களை ஈர்க்கும் மணப்பொருளான மீத்தைல் யூஜினால், பூச்சிக்கொல்லி ஆகியவற்றை 6:4:1 என்ற விகிதத்தில் கலந்து அதில் ஊறவைத்த ஒட்டுப்பலகைத் துண்டு பொறிக்குள் இருக்கும். சில நாட்களில் பொறியின் அடியில் ஈக்கள் குவிந்து கிடக்கும். அவற்றைத் தாளில் கொட்டி வயிற்று நுனியைக் கவனித்தால், முட்டையிடும் ஊசி போன்ற உறுப்பு எதிலும் இருக்காது. அத்தனையும் ஆண்கள். அதே மரத்துக் கனியை அறுத்தால் உள்ளே புழு நெளிகிறது. பொறி வைத்தும் பயனில்லை என்று தோப்புக்காரர் சலித்துக்கொள்கிறார். ஓர் ஆண் பல பெண் ஈக்களுடன் இணையக்கூடும் என்பதால், தப்பிய சில ஆண்களே அடுத்த தலைமுறைக்குப் போதுமானவை என்பது இதற்குரிய வழக்கமான விளக்கம்.

ஆய்வாளர் இங்கே அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும்: தப்பிய ஆண் ஏன் பொறிக்கு வரவில்லை? அது இன்னும் பருவமடையாததாக இருக்கலாம். அல்லது துளசி போன்ற செடியிலிருந்து மீத்தைல் யூஜினாலை முன்பே உண்டிருக்கலாம். அவ்வாறு உண்ட ஆண் அதைத் தன் உடலில் மாற்றி மலக்குடல் சுரப்பியில் சேமித்துப் பெண்ணை ஈர்க்கப் பயன்படுத்துகிறது என்பதும், அதன்பின் அந்த மணத்தை நோக்கி வரும் ஆர்வம் குறைகிறது என்பதும் அறியப்பட்டவை. அப்படியானால் அந்த ஈயின் உணர்கொம்பு மணத்தை உணரும் திறனையே இழந்திருக்கிறதா, அல்லது உணர்ந்தும் மூளை அதைப் பொருட்படுத்தாமல் விடுகிறதா? முதலாவதை உணர்கொம்பின் மின்பதிவாலும், இரண்டாவதை நடத்தைச் சோதனையாலும் பிரித்தறியலாம். ஒரு முன்மொழிவு நிற்பதற்கு இந்த அளவு கூர்மை போதும்; "பழ ஈக்களின் மேலாண்மை பற்றிய ஆய்வு" என்று தொடங்கும் முன்மொழிவை எந்த உடலியங்கியல் ஆய்வகமும் இரண்டாம் முறை படிக்காது.

இன்னொரு எடுத்துக்காட்டையும் சொல்லலாம். 2020 மே மாத இறுதியில், வட இந்தியாவில் பாலைவன வெட்டுக்கிளிகள் பெருகியிருந்த நேரத்தில், வேப்பனப்பள்ளி அருகே நேரலகிரியில் எருக்கஞ்செடிகளை வெட்டுக்கிளிகள் மொய்த்ததைக் கண்டு மக்கள் அஞ்சினர். அவை பாலைவன வெட்டுக்கிளிகள் அல்ல என்று வேளாண் அதிகாரிகள் தெளிவுபடுத்தினர். அச்சம் அத்துடன் தீர்ந்தது, கேள்விகள் தீரவில்லை. பாலைவன வெட்டுக்கிளியின் பின்னங்கால் தொடையை மற்றவை தொடர்ந்து உரசுவதால் செரோட்டோனின் அளவு உயர்ந்து, தனித்து வாழ்ந்த பூச்சி கூட்டமாகும் நடத்தைக்கு மாறுகிறது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. எருக்கை உண்ணும் நம் ஊர் வெட்டுக்கிளி, அச்செடியின் பாலிலுள்ள இதயத்தைத் தாக்கும் நச்சுகளை எவ்வாறு தாங்குகிறது, நெருக்கமாக வாழும்போது அதன் நடத்தை மாறுகிறதா என்பவை ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸிலோ அமெரிக்காவின் அரிசோனாவிலோ வெட்டுக்கிளிகளை ஆராயும் குழுக்களிடம் பேசத் தகுந்த பொருள்களாகும்.

கருவி இல்லாத குறையை நிரப்புதல்

மாவட்டத்துக் கல்லூரி ஆய்வகத்தில் மின்பதிவுக் கருவி இல்லாதது இயல்பு. ஆனால் ஓசூரிலிருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். தேசிய வேளாண் பூச்சி வள மையம், உயிரியல் அறிவியலுக்கான தேசிய மையம், இந்திய அறிவியல் நிறுவனம், வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தும் அங்கேயே உள்ளன. ஓசூரிலேயே மத்தியப் பட்டு வாரியத்தின் பட்டுப்புழு மரபு வள மையமும், காவேரிப்பட்டணம் அருகே பையூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. நெறியாளரின் கடிதத்துடன் குறுகிய காலப் பயிற்சிக்குக் கேளுங்கள். முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைத்த பிறகு, வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் மாதங்கள் இதற்கு மிகவும் ஏற்றவை.

உணர்கொம்பு மின்பதிவின் வரலாறே பட்டுப்பூச்சியிலிருந்து தொடங்குகிறது. 1957இல் டீட்ரிக் ஷ்னைடர் முதன்முதலாக அதைப் பதிவு செய்தது பட்டு அந்துப்பூச்சியின் உணர்கொம்பில்தான். 1959இல் அடோல்ஃப் புடெனாண்ட் குழுவினர் அதே பூச்சியின் பெண்ணிலிருந்து பாம்பிகால் என்னும் இனக்கவர்ச்சிப் பொருளைப் பிரித்தெடுத்தனர். பட்டுப்புழு முட்டைகளை உற்பத்தி செய்யும் வித்தகத்தில், பெண் அந்துப்பூச்சியை அருகில் கொண்டுவந்ததும் ஆண் சிறகடித்துக்கொண்டு வட்டமிட்டு நடப்பதைப் பார்த்த தருமபுரி மாணவருக்கு இந்தப் பாடத்தின் பாதி முன்பே தெரியும்.

நடத்தைச் சோதனைக்குப் பெரிய செலவு தேவையில்லை. ஓல்ஃபாக்டோமீட்டர் எனப்படும் ஒய் வடிவக் கண்ணாடிக் குழாயை, கல்லூரிகளுக்கு ஆய்வகக் கண்ணாடி செய்து தருபவரிடமே சொல்லிச் செய்துகொள்ளலாம். மீன்தொட்டிக்கான காற்றுப் பம்பிலிருந்து வரும் காற்றைச் செயலூட்டிய கரியின் வழியாகவும், பிறகு நீரின் வழியாகவும் செலுத்தி, இரு கிளைகளிலும் ஒரே வேகத்தில் பாயச் செய்ய வேண்டும். ஒரு பூச்சியை ஒரே ஒருமுறை மட்டும் பயன்படுத்துங்கள். சில பூச்சிகளைச் சோதித்து முடிக்கும் ஒவ்வொரு முறையும் மணமுள்ள கிளையையும் வெறுங்கிளையையும் இடம் மாற்றுங்கள். சன்னல் வெளிச்சம் ஒரு பக்கம் சற்றுக் கூடுதலாக இருந்தால்கூடப் பூச்சி மணத்தை விட்டு வெளிச்சத்தையே தேர்ந்தெடுக்கும். எந்தக் கிளைக்கும் செல்லாத பூச்சிகளின் எண்ணிக்கையையும் கட்டாயம் பதிவு செய்யுங்கள், ஏனெனில் அதை மறைத்து எழுதிய கட்டுரையை அனுபவமுள்ள ஆய்வாளர் உடனே கண்டுகொள்வார். இந்தத் தரவைக் கொண்டு ஆர் என்னும் புள்ளியியல் நிரல் மொழியில் ஈருறுப்புச் சோதனையும் கலப்பு விளைவு மாதிரியும் செய்து, நிரலையும் தரவையும் ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் இட்டுவிட்டால், அது சான்றிதழ் எதையும்விட நன்றாக உங்களுக்காகப் பேசும்.

கடிதமும் நல்கையும்

ஆய்வகத் தலைவருக்கு எழுதும் முதல் மின்னஞ்சல் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவதும், மதிப்புக்குரிய ஐயா அல்லது அம்மையீர் என்று பெயரில்லாமல் தொடங்குவதும் குப்பைக்கே போகும். அவருடைய பெயரையும் பட்டத்தையும் சரியாக எழுதித் தொடங்குங்கள். பணிவு காட்டும் தொடர்கள் நம் ஊர்க் கடிதத்தில் முதல் பத்தி முழுவதையும் நிரப்பிவிடுவது வழக்கம். இங்கே அந்த இடத்தில் அறிவியல் இருக்க வேண்டும். கடிதத்தின் நடுப்பகுதி ஏறத்தாழ இந்தப் பொருளில் அமையலாம்: "மீத்தைல் யூஜினால் பொறிகளுக்கு வரும் ஆண் பழ ஈக்களின் வயதை என் முனைவர் பட்ட ஆய்வில் கணக்கிட்டேன். முன்பே அந்த மணப்பொருளை உண்ட ஆண்கள் குறைவாக வருவதன் காரணம் உணர்கொம்பிலா மூளையிலா என்பதை அறிய விரும்புகிறேன். தங்கள் ஆய்வகத்தில் அந்துப்பூச்சிகளுக்குப் பயன்படுத்தும் பதிவு முறை இதற்குப் பொருந்தும் என்று கருதுகிறேன்." இதனுடன் தன்விவரக் குறிப்பும், உங்கள் சிறந்த ஒரே ஒரு கட்டுரையும் போதும். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களில் வந்த கட்டுரைகள் பத்து இருந்தாலும் அவற்றை முன்னிறுத்தாதீர்கள். பதில் வராவிட்டால், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுவது தவறாகாது.

இந்தியாவுக்குள் ஆராய்ச்சிக்கு நிதி வழங்கும் தேசிய அமைப்பான ஏஎன்ஆர்எஃப் தரும் தேசிய மேலாய்வு நல்கை, உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆராய்ச்சி இணையர் (ரிசர்ச் அசோசியேட்) திட்டம், அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றமான சிஎஸ்ஐஆர் அமைப்பின் அதே வகைத் திட்டம், பெண் ஆய்வாளர்களுக்கான வைஸ் மேலாய்வு நல்கை ஆகியவை முதலில் பார்க்க வேண்டியவை. வயது வரம்பும் அதில் தரப்படும் தளர்வும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும். அந்தந்த ஆண்டின் அறிவிப்பையே நம்புங்கள். வெளிநாட்டு நல்கைகளில் பட்டம் பெற்ற நாளிலிருந்தே கெடு ஓடத் தொடங்குகிறது: ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கைக்கு 4 ஆண்டுகள், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கு 8 ஆண்டுகள். மேரி கியூரிக்கு, செல்லவிருக்கும் நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. நம் மாணவர்களுக்கு இது பெரும்பாலும் தடையாக இருப்பதில்லை. வழக்கமாகச் செப்டம்பரில் முடியும் அந்த விண்ணப்பத்துக்கு, ஆய்வகத் தலைவருடன் சேர்ந்து முன்மொழிவு எழுதக் கோடைக்காலத்திலேயே தொடங்க வேண்டும்.

பரிந்துரைக் கடிதம் எழுதுவோரிடம் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு உங்கள் முன்மொழிவையும், நீங்கள் தனியாகச் செய்த வேலை எது என்ற குறிப்பையும் கொடுத்தால், "ஒழுக்கமான மாணவர், கடின உழைப்பாளி" என்பதோடு நின்றுவிடாத கடிதம் கிடைக்கும்.

பூச்சிகளையோ அவற்றின் மாதிரிகளையோ வெளிநாட்டுக்குக் கொண்டுசெல்வது உங்கள் திட்டத்தில் இருந்தால், 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மயச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் நடைமுறைகளை முன்பே பாருங்கள். காவிரி வடக்கு, தெற்கு வனவுயிர்ச் சரணாலயப் பகுதிகளில் சேகரிக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதிக்கு ஆகும் காலத்தையும் முன்மொழிவின் கால அட்டவணையில் காட்டுவது, இந்தியாவில் களப்பணி செய்யத் தெரிந்தவர் நீங்கள் என்பதை மதிப்பீட்டாளருக்குச் சொல்லாமல் சொல்லும்.

நேர்காணல்

இணையவழி நேர்காணலில் உங்கள் ஆய்வை அரை மணி நேரம் பேசச் சொல்வார்கள். ஆய்வேட்டின் எல்லா இயல்களையும் சொல்ல முயலாமல், ஒரே ஒரு சோதனையை அதன் கட்டுப்பாட்டுக் குழு, மாதிரி எண்ணிக்கை, தோல்வியடைந்த முயற்சி ஆகியவற்றுடன் விளக்குங்கள். ஏன் இந்தப் பூச்சி, வேறு விளக்கம் இருக்க முடியாதா என்ற இரு கேள்விகளும் ஏறக்குறைய நிச்சயமாக வரும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, அதை எவ்வாறு சோதிப்பீர்கள் என்று தொடருங்கள்.

நீங்களும் கேட்க வேண்டியவை உண்டு. ஒப்பந்தம் எத்தனை மாதம், நீட்டிப்பு எதைப் பொறுத்தது, முதல் ஆசிரியர் உரிமை யாருக்கு, வெளியேறும்போது கேள்வியின் எந்தப் பகுதியை எடுத்துச் செல்லலாம் என்பவற்றைத் தயங்காமல் கேளுங்கள். வார இறுதியில் பூச்சிகளுக்கு உணவிடுவது யார் என்றும் கேட்டுவிடுங்கள். சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், அந்த ஆய்வகத்தில் வேலை எப்படிப் பகிரப்படுகிறது என்பதை அதற்கு வரும் பதிலே காட்டிவிடும். இயன்றால், அங்கு முன்பு பணியாற்றிய ஒருவரிடமும் தனியே பேசிப் பாருங்கள்.

பணி ஆணை எழுத்தில் வந்தபின், பட்டச் சான்றிதழுக்கு, அதை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரை தேவையா என்று விசா பிரிவில் விசாரித்து, கடவுச்சீட்டு முடியும் தேதியையும் சரிபாருங்கள். கிளம்புவதற்கு முன், அச்சேறாத இயல்களை யார் எழுதுவது, ஆசிரியர் பெயர்கள் எந்த வரிசையில் வருவது என்று நெறியாளருடன் அமர்ந்து பேசி, முடிவானதை அவருக்கே ஒரு மின்னஞ்சலாக அனுப்பி வையுங்கள்.